முப்பது வயதில் முதல் அடவு

பெல்லி டான்ஸ் எனப்படும் எகிப்திய ஆடலைப் பயிற்றும் வகுப்புகள் இந்நாளில் நம் பெருநகரங்களிலும் நடைபெறுகின்றன. அவற்றில் புதிதாகச் சேர்வோருள் பலர் வயது வந்த பெண்கள். “இந்த வயதில் ஆட்டமா? அதிலும் இந்த ஆட்டமா?” என்னும் இரு கேள்விகள் அவர்களை விடாமல் தொடர்கின்றன. இவை நமக்குப் புதிய கேள்விகள் அல்ல. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில், நாம் இன்று போற்றிக் கொண்டாடும் பரத நாட்டியத்தைப் பற்றியே இவை எழுந்தன.

எகிப்தின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1834-இல் முகம்மது அலி பாஷாவின் ஆட்சி, பொதுவிடங்களில் ஆடிவந்த மகளிரைக் கெய்ரோ நகரினின்று விலக்கித் தென்பகுதி ஊர்களுக்குப் போக்கியது. 1893-இல் சிகாகோ பொருட்காட்சியில் அவ்வாடல் காட்டப்பட்டபோது பார்த்தோரும் பலர், பழித்தோரும் பலர். 1926-இல் பதியா மசாப்னி என்னும் பெண்மணி கெய்ரோவில் ஓர் அரங்கு திறந்தார். தாஹியா கரியோகா, சாமியா கமால் போன்றோர் அங்கிருந்தே புகழுக்கு வந்தனர்.

அதே காலத்தில் சென்னையில் சதிர் என்ற பெயரே முகம் சுளிக்க வைத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அவ்வழக்கத்தால் நேர்ந்த துன்பம் மெய்யானது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரோ, கலையையும் சேர்த்து அழித்துவிடலாகாது என வாதிட்டார். நாடகத்தில் பெண் வேடம் ஏற்றதன் வழியே, வளர்ந்த பின்னர் மேலட்டூர் நடேச ஐயரிடம் சதிர் பயின்று, பெண் உடையில் மேடையேறியும் ஆடியவர் அவர். வாதத்தைக் காலாலும் நடத்திய வழக்கறிஞர் வேறு எவரும் உளரோ!

அவர் அழைப்பின் பேரில் சங்கீத வித்வத் சபையில் பந்தநல்லூர் மரபினரின் சதிரைக் கண்டு உளம் நெகிழ்ந்தவருள் ஒருவர் ருக்மிணி தேவி. 1904-இல் பிறந்தவர், ஆங்கிலேயரான அருண்டேலை மணந்து ஊராரின் வசையை முன்னரே ஏற்றவர். ருஷ்ய நாட்டு நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் நட்பால், அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே சிறிது பயின்றிருந்தார். “உங்கள் நாட்டு ஆடலைத் தேடுங்கள்” என்னும் கருத்துப்படப் பாவ்லோவா கூறியதும் அவர் மனத்தில் இருந்தது.

சதிர் என்பது மழலைப் பருவத்தில் தொடங்கும் கல்வி. பாலசரஸ்வதி ஏழு வயதில், 1925-இல், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். ருக்மிணி தேவியோ முப்பதை எட்டும் வயதில் முதல் தட்டடவுக்கு நின்றார். முழங்கால்களை இருபுறமும் விரித்து அரைமண்டியில் அமர்ந்து, ஆசானின் தட்டுக்கழி ஒலிக்கேற்பப் பாதத்தை முழுமையாகத் தரையில் தட்ட வேண்டும். வேகம் நான்மடங்காக ஏறும்போதும் இடுப்பு அசையலாகாது. எகிப்திய ஆடலில் இடையும் வயிறும் தனித்தனியே இயங்க வேண்டும். நம் ஆடலில் அவை அடங்கியிருக்க வேண்டும். எதுவாயினும் வளர்ந்தவரின் தொடைத் தசைகள் முதல் வாரத்திலேயே முறையீடு செய்யும். குழந்தைக்கு விளையாட்டாக வருவதை வளர்ந்தவர் எண்ணி எண்ணிச் செய்கிறார். ஆனால் ஏன் செய்கிறோம் என்பதையும் அவர் அறிந்திருக்கிறார்.

ருக்மிணி தேவிக்குக் கற்பித்தவர்கள் இருவரைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். ஒருவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தஞ்சை நால்வர் மரபில் வந்த நட்டுவனார். மற்றவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். கபாலீசுவரர் கோயிலில் ஆடும் உரிமை பெற்ற குடும்பத்தில், துரைக்கண்ணு அம்மாளின் மகளாகப் பிறந்தவர். 1935 டிசம்பரில், அடையாற்றுப் பிரம்ம ஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி தேவி ஆடினார். கற்றோரும் செல்வரும் கூடி வியந்தனர். அடுத்த மாதமே கலாக்ஷேத்திரம் தோன்றியது. உயர்குடிப் பெண்கள் அச்சமின்றி ஆடற்பள்ளிக்கு வர வழி திறந்தது.

திறந்த வழியில் சென்றவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடுத்தது. கோயிற் சந்நிதியில் ஆடுவதும் அத்துடன் நின்றது. புதிய மாணவியர்க்குச் சபா மேடை கிடைத்தது. அவர்களுக்குக் கற்பித்த குலத்துப் பெண்களுள் பெரும்பாலோர்க்கு எந்த மேடையும் கிடைக்கவில்லை. தம் தொழிலைச் சொல்லிக்கொள்ளவும் கூசும் நிலை வந்தது. பாலசரஸ்வதி போன்ற சிலரே அவ்வெள்ளத்தில் நிலைத்து நின்றனர். அவருக்கும் அபிநயம் சொல்லித் தந்தவர் கௌரி அம்மாள்தாம். கோயிலில் ஆடும் உரிமை போன பின்னர் அவர் கலாக்ஷேத்திரத்தில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதம் பாடிக் காட்டி, கண்ணும் கையும் பேசும் வகையைக் கற்பித்து வந்தார். 1971-இல் மறைந்தார்.