ப்ரோட்டஜேயில் 'கனெக்ட்' பட்டனைத் தேடுகிறீர்களா? ஆன்டாலஜி எடிட்டர், கிராஃப் டேட்டாபேஸ் இணைப்பு எங்கே உடைகிறது?

டெல்லி ஜனக்புரியின் இன்ஸ்டிடியூஷனல் ஏரியாவில், டி பிளாக்குக்கு எதிரே ஒரு பெரிய அரசுக் கட்டடம் இருக்கிறது. ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி ஆகிய மூன்றின் மத்திய ஆராய்ச்சி கவுன்சில்களும் அங்கிருந்துதான் இயங்குகின்றன. சித்த மருத்துவ ஆராய்ச்சியும் 2010 வரை ஆயுர்வேத கவுன்சிலோடு ஒட்டித்தான் இருந்தது. அதன் பிறகே தனி கவுன்சிலாகி, சென்னை அரும்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்டது.

ஒரு சாஃப்ட்வேர் கட்டுரையில் இது எதற்கு என்கிறீர்களா? ஆயுர்வேத, சித்த, யுனானி நோய்ப் பெயர்களுக்குக் குறியீடு தரும் ஆயுஷ் அமைச்சகத்தின் 'நமஸ்தே' தளம் 2017-ல் வந்தது. 2024 ஜனவரி 10 அன்று, இதே மூன்று முறைகளுக்கான ஐசிடி-11 தொகுதியை உலக சுகாதார நிறுவனம் டெல்லியில் வெளியிட்டது. ஆக, ஒரே நோய்க்கு இப்போது இரண்டு பட்டியல்கள். இரண்டையும் கோத்து மருத்துவமனை மென்பொருளுக்குள் கொண்டுவரும் வேலை ஹெல்த்-டெக் துறையில் இருக்கும் யார் மேஜைக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அந்த வேலை வந்ததும் பலர் எடுக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இலவச ஆன்டாலஜி எடிட்டரான ப்ரோட்டஜே. நோய்களை வகை, உட்பிரிவு, உறவு என்று வரையறுக்க உதவும். இன்னொன்று கிராஃப்டிபி, ஃபியூசெக்கி, ஸ்டார்டாக், விர்ச்சுவோசோ போன்ற ஏதாவது ஒரு செமான்டிக் கிராஃப் டேட்டாபேஸ். இரண்டையும் இன்ஸ்டால் செய்தாகிவிட்டது. ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை. ஏன்?

அந்த பட்டனே கிடையாது

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுவோம். நீங்கள் தேடும் நேரடி இணைப்பு இன்றைய டெஸ்க்டாப் ப்ரோட்டஜேயில் இல்லை. பழைய 3-ம் வரிசைப் பதிப்புகளில் ஆன்டாலஜியை டேட்டாபேஸிலேயே வைக்கும் வசதி இருந்தது. 5-ம் வரிசை அப்படியல்ல. கோப்பு முழுவதையும் கணினியின் ராம் நினைவகத்துக்குள் ஏற்றி, அங்கேயே திருத்தி, மறுபடி கோப்பாக எழுதும்.

டேட்டாபேஸின் பழக்கம் வேறு. அதனிடம் ஸ்பார்க்கிள் மொழியில் கேள்வி கேட்டால் பதில் தரும், அவ்வளவுதான். கோப்பு கேட்பவரிடம் பதிலை நீட்டினால் என்ன ஆகும்? 'ஆன்டாலஜியைப் படிக்க முடியவில்லை' என்று பக்கம் பக்கமாக ஒரு எர்ரர் வரும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். தனக்குத் தெரிந்த எல்லா வடிவங்களிலும் படித்துப் பார்த்துத் தோற்றதை ப்ரோட்டஜே வரிசையாக ஒப்பிக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: டேட்டாபேஸின் பிரவுசர் பக்க முகவரியைக் கொடுத்திருப்பீர்கள், ஆர்டிஎஃப் தரவுக்குப் பதிலாக ஹெச்டிஎம்எல் வந்திருக்கும்.

சரி, அப்போ என்ன வழி? 'கிராஃப் ஸ்டோர் புரோட்டோகால்' என்று ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. ஒரு முழு கிராஃபையும் ஒரே முகவரியில் கோப்பு போலக் கொடுக்கும், வாங்கும். ஃபியூசெக்கியில் டேட்டாசெட் பெயருக்குப் பிறகு 'டேட்டா' என்று வருவது அந்த முகவரிதான். கிராஃப்டிபியில் ரெபாசிடரி பெயருக்குப் பிறகு 'ஸ்டேட்மென்ட்ஸ்' என்று முடியும் முகவரியிலும் முழுத் தரவை இறக்கலாம். ப்ரோட்டஜேயில் முகவரி கொடுத்துத் திறக்கும் வசதியில் இவற்றைத்தான் கொடுக்க வேண்டும்.

தினமும் நாலைந்து பேர் சேர்ந்து திருத்தும் வேலை என்றால் ப்ரோட்டஜேயை விட்டுவிடலாம் என்பதே நம் கருத்து. ரோம் டோர் வெர்காட்டா பல்கலைக்கழகத்தின் வோக்பென்ச் எடிட்டர் டேட்டாபேஸோடு நேரடியாகவே இணையும். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் அக்ரோவோக் சொல்தொகுதியைத் திருத்துவது அதில்தான். ஆனால் கிராஃப்டிபியோடு சேர்த்து, மாற்ற வரலாற்றையும் பதிவு செய்யச் சொன்னீர்கள் என்றால், அதற்கான சேஞ்ச் டிராக்கிங் ஜார் கோப்பை கிராஃப்டிபியின் லிப் ஃபோல்டரில் போட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்தப் படி விட்டுப்போனால் புராஜெக்ட்டையே உருவாக்க முடியாது.

எடிட்டரை மூடுங்க, கர்ல் எடுங்க

இணைப்பு கிடைக்கவில்லை என்றால் எடிட்டரில் உட்கார்ந்து மல்லுக்கட்டாதீர்கள். அதே முகவரியை டெர்மினலில் கர்ல் கட்டளையால், டர்ட்டில் வடிவம் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். அங்கே தரவு வந்தால் சர்வரில் குறை இல்லை. வராவிட்டால் எடிட்டரில் எதை மாற்றியும் பயனில்லை.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் எதிரில் மெஷின் இருக்கிறது, அந்த போர்ட்டில் கேட்க யாரும் இல்லை. வழக்கமான எண்கள்: கிராஃப்டிபிக்கு 7200, ஃபியூசெக்கிக்கு 3030, ஸ்டார்டாக்குக்கு 5820, விர்ச்சுவோசோவுக்கு 8890. டாக்கரில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பாருங்க. கன்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அந்த கன்டெய்னர்தான், உங்கள் லேப்டாப் அல்ல. காத்திருந்து காத்திருந்து 'டைம்அவுட்' ஆனால் சந்தேகப்பட வேண்டியது ஃபயர்வாலை. அலுவலக சர்வர் என்றால் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லி டிக்கெட் போட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட, அனுமதி இருந்தால் எஸ்எஸ்ஹெச் டன்னல் போடுவது சுலபம்.

கர்லில் வருகிறது, ப்ரோட்டஜேயில் வரவில்லையா? 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு' என்ற வரி கண்ணில் பட்டால், அலுவலகத்தின் சொந்த சான்றிதழை ஜாவா நம்பவில்லை என்று அர்த்தம். இங்கேதான் பலரும் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். சான்றிதழைக் கணினியில் இருக்கும் ஜாவாவில் சேர்த்துவிட்டு, 'சேர்த்தாச்சே, ஏன் வேலை செய்யல?' என்று குழம்புவார்கள். ப்ரோட்டஜே தன் ஃபோல்டருக்குள் தனக்கென்று ஒரு ஜாவாவைக் கொண்டுவருகிறது. கீடூல் கொண்டு அந்த ஜாவாவில் சேர்க்க வேண்டும்.

401 வந்தால் பாஸ்வேர்டு பிரச்னை. ஐசிடி-11 தரவை உலக சுகாதார நிறுவனத்தின் ஏபிஐ முகவரியிலிருந்து நேராக ப்ரோட்டஜேயில் திறக்க முயன்றாலும் இதே கதிதான். அந்த ஏபிஐ ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு டோக்கனை எதிர்பார்க்கிறது. முகவரிப் பெட்டியில் டோக்கன் வைக்க இடமில்லை. சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தரவை இறக்கி, கோப்பாகத் திறப்பதே வழி. இறக்கும்போது ஒன்றை மாற்றிவிடாதீர்கள்: ஐசிடி அடையாளங்கள் 'ஹெச்டிடிபி' என்றே தொடங்கும். பாதுகாப்புக்காக என்று 'எஸ்' சேர்த்தால், டேட்டாபேஸுக்கு அது வேறொரு நோய்.

இணைந்துவிட்டது, ஆனால் காலி

எர்ரர் இல்லை, தரவும் இல்லை. இது பெரும்பாலும் நேம்டு கிராஃப் விவகாரம். தரவை ஒரு பெயருள்ள கிராஃபில் ஏற்றிவிட்டு, பெயரில்லாத பொது கிராஃபில் தேடுகிறீர்கள். கிராஃப்டிபி இயல்பாகவே எல்லா கிராஃபையும் சேர்த்துப் பதில் தரும். ஃபியூசெக்கியும் ஸ்டார்டாக்கும் தராது. அதனால்தான் ஒன்றில் ஓடிய கேள்வி இன்னொன்றில் பூஜ்யம் காட்டுகிறது.

தரவு வந்தும் ப்ரோட்டஜேயின் கிளாஸ் மரத்தில் எதுவும் தெரியவில்லையா? 'இது ஒரு கிளாஸ்' என்ற அறிவிப்பு வரி தரவில் இருக்கிறதா பாருங்க. டேட்டாபேஸ் அதைக் கண்டுகொள்ளாது, ப்ரோட்டஜே கண்டிப்பாகக் கேட்கும். தமிழ்ப் பெயர்களுக்குப் பதில் வெறும் எண்கள் தெரிந்தால், ரெண்டரர் அமைப்பில் தமிழ் மொழிக் குறியை முதலில் வையுங்கள்.

சத்தமே போடாத தவறுகள்

மேலே சொன்னவையாவது எர்ரரோ காலித் திரையோ காட்டும். உண்மையில் பயப்பட வேண்டியவை இனி வருபவை.

திருத்திய கோப்பைத் திரும்ப அனுப்பும்போது 'போஸ்ட்' என்றால் இருப்பதோடு சேர்க்கும், 'புட்' என்றால் இருப்பதை அழித்துவிட்டு வைக்கும். போஸ்ட் செய்தால் நீங்கள் நீக்கிய வரி டேட்டாபேஸில் அப்படியே உயிரோடு இருக்கும். பெயரில்லாத முனைகளால் ஆன விதிகள் ஒவ்வொரு முறையும் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளும். பொது கிராஃபில் புட் செய்தாலோ, சக ஊழியர் அங்கே வைத்திருந்த தரவும் சேர்ந்து போய்விடும். ஆளுக்கொரு நேம்டு கிராஃப் வைத்துக்கொண்டு, அதில் மட்டும் புட் செய்யுங்கள்.

அடுத்தது ஊகம். கிராஃப்டிபி நீங்கள் சொன்னவற்றிலிருந்து தானாகச் சிலவற்றை ஊகித்துச் சேர்த்து வைக்கும். அந்த 'ஸ்டேட்மென்ட்ஸ்' முகவரி, ஊகித்ததையும் சேர்த்தே தரும். 'இன்ஃபர்' என்ற அளவுருவை 'ஃபால்ஸ்' ஆக்கினால்தான் நீங்கள் எழுதியது மட்டும் வரும். மறந்துவிட்டு ப்ரோட்டஜேயில் சேமித்துத் திருப்பி அனுப்பினால், மெஷினின் ஊகம் மருத்துவர் சொன்ன உண்மையாகப் பதிவாகிவிடும். பிறகு மருத்துவர் மூல விதியைத் திருத்தினாலும் பழைய ஊகம் போகாது.

கடைசியாக, தமிழுக்கே உரிய ஒன்று. 'சோகை' என்ற சொல்லில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்பார்க்கிளுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலையும் கீபோர்டில் அடித்த பட்டியலையும் பெயரை வைத்து இணைத்தால், சோகை இரண்டு நோயாகப் பிரியலாம். ஒன்றுக்கு ஐசிடி குறியீடு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. நோயாளிகளின் கணக்கு குறையும், ஏன் என்று எந்த லாகிலும் இருக்காது.

ஏற்றும் முன் எல்லாச் சொற்களையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். பைத்தானில் ஒரு வரி வேலை. 'ஔடதம்' போன்ற சொற்களில் ஔ எழுத்துக்குப் பதில் ஒ, ள என இரண்டு எழுத்துகளைத் தட்டியிருந்தால் மட்டும் என்எஃப்சி காப்பாற்றாது, அவற்றைத் தனியாகத் தேடித்தான் திருத்த வேண்டும்.

அனுப்பும் முன் ஒருமுறை, அனுப்பிய பின் ஒருமுறை, அந்த கிராஃபில் எத்தனை வரிகள், எத்தனை கிளாஸ்கள், எத்தனை தமிழ்ப் பெயர்கள் என்று எண்ணிப் பார்க்க மூன்று சின்னக் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பெயர்களைத் திருத்தியிருக்கிறீர்கள், கிளாஸ் எண்ணிக்கை ஐநூறு கூடியிருக்கிறது என்றால், அடுத்த ஆள் அந்தத் தரவைத் தொடுவதற்குள் பேக்கப்பை மீட்டுவிடுங்கள்.