ஈய முத்திரைக்கு இந்தப் பக்கம்

டீசல் லாரியின் கோளாறை ஒரு காலத்தில் மெக்கானிக்குகள் காதாலும் கையாலும் கண்டுபிடித்தார்கள், கம்ப்யூட்டர் வந்து அந்த வித்தையைக் கெடுத்துவிட்டது என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பட்டறைகளைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. அதில் பாதிதான் உண்மை. தெரு மெக்கானிக்கின் கை எங்கே நிற்க வேண்டும் என்ற கோடு கம்ப்யூட்டரோடு வந்ததல்ல; டீசல் பம்ப் பிறந்தபோதே அதுவும் பிறந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கோடு எப்படி நகர்ந்தது என்பதைத்தான் இந்தத் தொழிலின் வரலாறாகப் பார்க்க வேண்டும்.

ருடால்ஃப் டீசலின் 1897-ஆம் ஆண்டு எஞ்சினில் அழுத்தக் காற்றுதான் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளியது. அதற்கொரு கம்ப்ரஸர் தேவைப்பட்டதால் அந்த எஞ்சின் ஆலைக்கும் கப்பலுக்கும்தான் சரிப்பட்டது. 1927-இல் பாஷ் நிறுவனம், கம்ப்ரஸர் இல்லாமலே எண்ணெயை அழுத்தித் தள்ளும் இன்லைன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே டீசல் லாரி பரவலானது. 1951-இல் பெங்களூரில் மைகோ நிறுவனம் தொடங்கி, அந்தப் பம்பும் நாசிலும் இந்தியாவிலேயே தயாராயின. 1948-இல் தொடங்கி எண்ணூரில் இயங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அடுத்த பத்தாண்டுக்குள் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ்., ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுவதும் இயந்திரங்களின் ஊராகிவிட்டது. பிற்பாடு பூந்தமல்லிக்கு அப்பால் மண்ணூரில் டீசல் பம்புகளே தயாராயின.

பம்புக்கு முன்னால் உள்ளதெல்லாம் தெருவின் ராஜ்யம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப், ஃபில்டர் வழியாக எண்ணெய் குறைந்த அழுத்தத்தில்தான் வருகிறது. அங்கே வரும் கோளாறைப் பிடிக்க ஒரு ஸ்பானரும் ஒழுங்கான யோசனையும் போதும். வண்டி கிளம்பி, கொஞ்ச தூரம் ஓடி, நின்றுவிடுகிறது. டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடுகிறது என்றால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. கை பம்பை அடித்து, ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தும்போது நுரை நிற்காமல் வந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. வெறும் வண்டியாக நன்றாக ஓடி, லோடு ஏற்றியதும் இழுக்காவிட்டால் முதலில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மிஸ்ஸிங் எந்தச் சிலிண்டரில் என்று தெரிய, ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அதுதான் ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர். இதைக் காதின் மாயம் என்பது அவர்களைப் புகழ்வதாகாது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்க்கும் சோதனை முறை இது. ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதைத்தான்.

பம்புக்குள் போனால் கணக்கே வேறு. எலிமென்ட் என்று பட்டறையில் சொல்லப்படும் பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். ஆறு சிலிண்டர் பம்பில் ஒவ்வொரு எலிமென்ட்டும் சரியாக 60 டிகிரி இடைவெளியில் எண்ணெய் அனுப்ப வேண்டும், எல்லாம் ஒரே அளவும் அனுப்ப வேண்டும். அதை அளக்கப் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, குறித்த வேகத்தில் சுழற்றி, அளவுக் கண்ணாடிக் குழாய்களில் எண்ணெயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் அதிகபட்ச எண்ணெய் அளவைத் தீர்மானிக்கும் திருகில் கம்பி கட்டி ஈய முத்திரை வைப்பார்கள். நான் சொன்ன கோடு அந்த முத்திரைதான். ராணுவம் இதைச் சட்டமாகவே வைத்திருந்தது. 1965 முதல் ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கியானாலும் சாதாரண லாரியானாலும், ஓட்டும் படைப்பிரிவு செய்யக்கூடிய வேலை எது, ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான ஈ.எம்.இ.-இன் பட்டறைக்குப் போக வேண்டியது எது என்று படிப்படியாக வகுக்கப்பட்டிருந்தது.

முத்திரையை யார் மதித்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூடுதல் லோடு இழுக்க அந்தத் திருகைத் திறந்து எண்ணெயைக் கூட்டிவிட்ட லாரிகள் கரும்புகை கக்கிக்கொண்டு பெங்களூர் சாலையில் ஓடின. ஆனால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பழைய டீசல் வண்டியின் புகைக்கு 65 ஹார்ட்ரிஜ் அலகு என்று வரம்பு கட்டியதும், மீறியவர்கள் திரும்பவும் பெஞ்சுக்குத்தான் வர வேண்டியிருந்தது. மீறல் நடந்ததால் கோடு இல்லை என்றாகிவிடாது. இன்னொன்றும் உண்டு: கோளாறு பம்பிலே தெரிந்தாலும் காரணம் பல சமயம் எண்ணெயில் இருந்தது. விலை வித்தியாசத்துக்காக டீசலில் கலக்கப்பட்ட ரேஷன் மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு; எலிமென்ட் சீக்கிரம் தேயும். தேய்ந்த பம்புள்ள வண்டி சூட்டில் கிளம்பாது, ஏனென்றால் சூடேறி நீர்த்த எண்ணெய் இடைவெளி வழியே கசிந்துவிடும். ஈரச் சாக்கைப் பம்பின்மேல் போட்டுக் குளிரவைத்ததும் வண்டி கிளம்பினால் தீர்ப்பு எழுதியாயிற்று. மைக்ரானை அளக்காமலே மைக்ரான் கோளாறைப் பிடித்த சோதனை அது. ஆனால் அதற்கு மேல் தெருவால் செய்யக்கூடியது, பம்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அனுப்புவது மட்டுமே.

கம்ப்யூட்டருக்கு வருவோம். சென்னையில் 2010-இல் பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) 4, நாடெங்கும் 2020-இல் பி.எஸ். 6 என்று மாசு விதிகள் இறுகின. டீசலில் கந்தகம் முதலில் 50 பி.பி.எம்., பிறகு 10 என்று குறைந்தது. நாசில் திறக்க 200 மடங்கு காற்றழுத்தம் போதும் என்றிருந்த இடத்தில், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் எண்ணெயை அழுத்தி வைத்து, கம்ப்யூட்டர் சொல்படி பீய்ச்சும் காமன் ரெயில் முறை 1,600-ஐயும் தாண்டியது. ஆனாலும் ஸ்கேனர் ‘ரெயிலில் அழுத்தம் குறைவு’ என்று மட்டும்தான் சொல்லும். அடைத்த ஃபில்டரா, காற்றா, பம்பா, இன்ஜெக்டர் கசிவா என்று பிரிப்பது பழைய வரிசைதான். இன்ஜெக்டர்களின் திரும்பு எண்ணெயைத் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து ஒப்பிடுவதும் பெஞ்சுக் கண்ணாடிக் குழாயின் வேலையே. ஆகவே யோசனை செத்துவிடவில்லை. போனது வேறு இரண்டு. நட்டைத் தளர்த்தும் சோதனை இன்று ஆபத்து; அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அடுத்தது, பல வண்டிகளில் புது இன்ஜெக்டர் மாட்டினால் அதன் குறியீட்டை எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதற்கான மென்பொருள் கம்பெனியின் கையில். ஈய முத்திரையை உடைத்தால் உத்தரவாதம்தான் போகும். இந்தப் பூட்டைத் திறக்காமல் வேலையே முடியாது. மாசைக் கட்டுப்படுத்தப் பூட்டு வேண்டும் என்று கம்பெனிகள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது; கரும்புகை லாரிகளே அதற்குச் சாட்சி. ஆனால் எண்ணெய் அளவை மாற்றவிடாமல் பூட்டுவது வேறு, கோளாறைப் படிக்கவும் பழுதான உறுப்பை மாற்றவும்கூட விடாமல் பூட்டுவது வேறு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இரண்டாவது வகைக்காகத்தான்: உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக. அந்த வழக்கு கார்களைப் பற்றியது. லாரிகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை.