குருதியின் இரு விசைகள்



இரத்தக் கொதிப்பு என்னும் பெயரைக் கேளாத குடும்பம் இன்று அரிது. ஆனால், குருதியின் அழுத்தத்தை முதன்முதல் அளந்தவர் மருத்துவர் அல்லர். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். பெண் குதிரையொன்றைக் கிடத்திக் கட்டி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு 9 அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குருதி, இதயத்தின் மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733-இல் வெளிவந்த அவரது நூலில் இச்செய்தி உள்ளது. அக்குதிரை பிழைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1828-இல் பிரெஞ்சு நாட்டுப் புவாசேய் பாதரசக் குழாயைப் புகுத்தினார். 1896-இல் இத்தாலியின் ரீவா-ரோச்சி கைப்பட்டையை அமைத்தார். இவர்கள் யாவரும் அளந்தது, நாளத்தின் சுவரை வெளிநோக்கித் தள்ளும் விசையையே. ஓடும் குருதி சுவரை உராய்ந்து இழுக்கும் விசை வேறொன்று உண்டு. அதை நேரே தாங்குவன, நாளத்தின் உட்புறத்தை ஒற்றை அடுக்காகப் போர்த்தியுள்ள மெல்லிய உயிரணுக்கள்.

வாய்க்காலில் நீர் விரைந்தோடுமிடத்தில் கரை அரிக்கும். தயங்குமிடத்தில் வண்டல் படியும். நாளத்தில் நோய்க்குக் காரணம் அரிப்பா, தயக்கமா? 1968-இல் அமெரிக்கரான டொனால்ட் ஃப்ரை, நாய்களின் பெருந்தமனியில் உராய்வை மிகுத்தபோது அவ்வுயிரணுக்கள் சிதைந்து பெயர்ந்தன. மறு ஆண்டே லண்டனில் கேரோவும் தோழர்களும் நேர்மாறாக உரைத்தனர்: மனிதத் தமனிகளில் கொழுப்பு முதலில் படிவது உராய்வு குறைந்த இடங்களிலேயாம். ஃப்ரை செலுத்திய விசை, நாளம் இயல்பாகத் தாங்குவதைவிடப் பன்மடங்கு என்பதை நாம் மறத்தலாகாது.

வாய்க்கால் உவமை இவ்விடத்தில் உதவாது; கரை உயிரற்றது, நாளமோ உயிருள்ளது. உயிரணு தன்னைத்தானே முறையாக மாய்த்துக்கொள்வதற்கு 1972-இல் கெர், வில்லி, கரீ ஆகிய மூவர் கிரேக்கப் பெயரொன்று சூட்டினர். இலையுதிர்தலைக் குறிக்கும் அச்சொல்லுக்குத் தமிழில் 'உதிர்வு' என்றே சொல்லிவிடலாம். மொழிபெயர்ப்போர்க்கு இத்தகைய எளிமை அடிக்கடி வாய்ப்பதில்லை.

1996-இல் பிராங்க்பர்ட் நகரின் டிம்லர், சைஹர் குழுவினர், மனித நாளத்தின் உயிரணுக்களை வளர்த்து, அவை உதிரக்கூடிய நிலைமைகளை உண்டாக்கினர். அசையாத நீர்மத்தில் இருந்தவை பெருமளவில் உதிர்ந்தன. சீரான ஓட்டத்தின் உராய்வைப் பெற்றவை பெரும்பாலும் பிழைத்தன. அவ்வுராய்வே அவற்றுக்குக் காப்பாயிற்று.

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியுமிடத்தில், வெளிப்புறச் சுவரையொட்டிக் குருதி சுழன்று முன்னும் பின்னும் அலைகிறது. சீரான உராய்வு அங்கே இல்லை. கொழுப்புப் படிவதும் பெரும்பாலும் அங்கேதான்.