சோழிகளில் அடங்கிய பேரெண்

16,00,984 என்னும் எண்ணைக் கண்டவுடன் அதில் சிறப்பு யாதும் தோன்றுவதில்லை. 2-ஐ மும்முறையும், 7, 11, 23, 113 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் வரும் கூட்டெண் அது. ஆயினும் நெட்டப்பாக்கம் போன்ற நம் ஊர்களில் விதைப்புக்கும் மணத்துக்கும் நாள் குறித்துத் தந்த வாக்கியப் பஞ்சாங்கக் கணிதத்திற்கு இவ்வெண்ணே அடித்தளம்.

கலியுகத் தொடக்கமாகக் கொள்ளப்படும் கி.மு. 3102 பிப்ரவரி 18-இலிருந்து இத்தனை நாள்கள் எண்ணினால் கி.பி. 1282 மே 22-ஐ அடைவோம். அன்று சந்திரன் தன் உச்சத்தில், அதாவது பூமிக்கு மிகத் தொலைவில் நின்றது. எண் 7-ஆல் மீதியின்றி வகுபடுவதால், கலியின் முதல் நாளைப் போன்றே அதுவும் வெள்ளிக்கிழமை.

இதனைக் கழித்தபின் எஞ்சும் நாள்களை முறையே 12,372, 3,031, 248 ஆகியவற்றால் வகுப்பர். சந்திரன் உச்சத்திலிருந்து உச்சத்திற்கு 248 நாளில் ஏறக்குறைய 9 முறையும், 3,031 நாளில் 110 முறையும், 12,372 நாளில் 449 முறையும் மீள்கிறது. 3,031-இன் நான்கு மடங்கோடு 248-ஐக் கூட்டினால் 12,372 கிடைப்பதையும் காண்க. பாஸ்கா விழாவைக் கணிக்கத் திருச்சபை 19 ஆண்டுச் சந்திரச் சுற்றைக் கையாண்டதை அறிந்த நம் வாசகர்க்கு இத்தகைய சுற்றுகள் புதியன அல்ல.

எண்களை நினைவில் இருத்தச் சொற்கள் இருந்தன. ‘தேவரம்’ என்றால் 248. தே 8, வ 4, ர 2. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘காலாநிலம்’ 3,031.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனத்திலிருந்தே கூறி, அவ்வாண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். அந்நாளை நாமும் கணக்கிட்டுப் பார்த்தோம். கலி நாள் 17,99,312. பேரெண்ணைக் கழிக்க 1,98,328. பதினாறு முறை 12,372 போக 376. அதிலிருந்து 248 போக 128. ஆக, இத்தனை நூற்றாண்டுகளும் சுருங்கி, 248 வாக்கியங்களுள் 128-ஆவதில் வந்து நிற்கின்றன!

அவருக்குக் கோட்பாடு ஒன்றும் தெரியாது, நல்ல நினைவாற்றலே உண்டு என்று வாரன் குறிப்பிட்டார். அது குறையாகவே இருக்கட்டும். ஆயினும் காகிதமும் கருவியுமின்றி அவர் கூறிய கிரகணத் தொடக்கம் நான்கு நிமிடமே பிசகியது. முடிவில்தான் பிழை 52 நிமிடமாக வளர்ந்தது. விளங்காத ஒன்றை ஓர் எழுத்தும் சிதையாமல் தலைமுறைதோறும் காத்தளிப்பதும் கல்வியே என்பது நம் எண்ணம். வாரன் 1830-இல் புதுச்சேரியிலேயே காலமானார்.

அந்த 248 நாள் சுற்று பாபிலோனியரின் களிமண் பலகைகளிலும், அதனுடன் 3,031-உம் கிரேக்கப் பாப்பிரசு ஏடுகளிலும் உள்ளன. ஓட்டோ நொய்கெபவர் 1952-இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில், புதுச்சேரிச் சோழிகளை அப்பழைய மரபோடு சேர்த்தே ஆராய்ந்தார்.