பெரியப்பா சாப்பிட்ட முட்டை

இன்னைக்கு எபிசோடை ஒரு முட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெரியப்பாவுக்கு நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை. இருபது வருஷமா சர்க்கரை. ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு உப்பிக்கும், வாந்தி வரும். எண்டோஸ்கோப்பியில் அடைப்பு எதுவும் தெரியவில்லை. டாக்டர் நியூக்ளியர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அந்தப் பேரைக் கேட்டதுமே பெரியப்பாவுக்கு அணுகுண்டு ஞாபகம் வந்துவிட்டது. "வேண்டாங் கண்ணு, இருக்கறத வெச்சு ஓட்டிக்கலாம்"னுட்டார். அவரைச் சம்மதிக்க வைக்க நான் தேடிப் படிச்ச கதைதான் இது.

1920களில் பாஸ்டனில் ஹெர்மன் புளூம்கார்ட் என்ற மருத்துவர், கொஞ்சம் கதிரியக்கப் பொருளை ஒரு கையில் ஊசியால் ஏற்றி, அது மறு கைக்கு வந்து சேரும் நேரத்தை அளந்தார். ஆரோக்கியமானவர்களுக்குச் சுமார் 18 வினாடி. இதயம் பலவீனமானால் நேரம் கூடும். உடம்பைக் கிழிக்காமலே இதயத்தின் வேலையை அளந்தாச்சு!

அடுத்து 1937. இத்தாலியின் பலேர்மோவில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும், அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த மாலிப்டினத் தகட்டில் ஒரு புதுத் தனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் டெக்னீசியம். அதில் டெக்னீசியம்-99எம் என்ற வகைக்கு அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது, 6 மணிக்கொரு தடவை அதன் கதிரியக்கம் பாதியாகும். நோயாளிக்கு இது நல்லது. ஆனா தூரத்து ஊருக்கு? வண்டி வந்து சேர்றதுக்குள்ளேயே பெரும்பகுதி போயிடும்.

1950களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் இதுக்கு வழி கண்டது. டெக்னீசியத்தின் தாயான மாலிப்டினம்-99ஐயே ஈயக் கவசத்துக்குள் வைத்து அனுப்பிவிடலாம். அதன் அரை ஆயுள் 66 மணி. மருத்துவமனையில் தினமும் உப்புநீரைச் செலுத்தினால், புதுசா உருவான டெக்னீசியம் மட்டும் பிரிந்து வரும். இந்தக் கருவிக்கு அவங்க வெச்ச செல்லப்பேர் 'பசு'. எடுப்பதற்குப் பேர் 'கறப்பது'. பாலை அனுப்பினா திரிஞ்சிடும், பசுவையே அனுப்புன்னு நம்ம ஊர்ல சொன்னா உடனே புரியும்.

இன்னைக்கு இதய ஸ்கேனில், ஓய்வில் ஒரு படம், உடற்பயிற்சிக்குப் பின் ஒரு படம் எடுக்கிறார்கள். ஓய்வில் ஒளிர்ந்த இடம் உழைப்பில் மங்கினால், அங்கே ரத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

வயிற்றுக்கு வருவோம். 1966இல் கார்டிஃப் மருத்துவர்கள், கதிரியக்கக் குரோமியம் கலந்த உணவைக் கொடுத்து, இரைப்பை எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்று பார்த்தார்கள். இப்போது வழக்கமான உணவு முட்டை வெள்ளைக்கரு. வேகும்போது டெக்னீசியம் கலவை அதில் ஒட்டிக்கொள்ளும், தண்ணியாகப் பிரிந்து ஓடாது. 4 மணி நேரத்துக்குப் பிறகு 10 சதவீதத்துக்கு மேல் மிச்சமிருந்தால், இரைப்பை மந்தம்.

பெரியப்பா கடைசியில் ஒத்துக்கிட்டார். தட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, முட்டை எந்த ஊருதுங்க?"

நாலு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் பாதி முட்டை வயிற்றிலேயே இருந்தது. நாள்பட்ட சர்க்கரை இரைப்பையின் நரம்புகளைத் தளர்த்தியிருந்தது. இப்போ கொஞ்சம் கொஞ்சமா, ஆறு வேளை சாப்பிடுகிறார். வாந்தி குறைஞ்சிருக்கு.

உங்க வீட்டிலும் யாராவது இந்தப் பேரைக் கேட்டுப் பயந்தா, பசு கதையைச் சொல்லுங்க. கர்ப்பமா இருக்கறவங்களும் பாலூட்டுறவங்களும் மட்டும் ஸ்கேனுக்கு முன்னாடியே டாக்டரிடம் சொல்லிடணும். அடுத்த எபிசோடில் பார்ப்போம்!