பிச்சாவரம் அலையாத்திக் காட்டு மீட்பு

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் கிடக்கும் உப்பங்கழிக் காடு பிச்சாவரம். உள்ளூரார் இதைச் சுரபுன்னைக் காடு என்பர். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைக் கொடுத்த தில்லை மரம் இன்றும் இங்கே வளர்கிறது. அழிந்த பகுதிகளை 1990களிலிருந்து கரையூர் மக்கள், வனத்துறை, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூவரும் சேர்ந்து மீட்டனர்.

காடு அழிந்ததற்கான பழி வெகுகாலம் கரையூர்களின் மேல் விழுந்தது. விறகு வெட்டுகிறார்கள், மாடு விடுகிறார்கள் என்றார்கள். மண்ணைப் படித்தபோது வேறு காரணம் தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை அரசே காட்டைக் கூறு போட்டு, முறைவைத்து மொட்டையாக வெட்டி வந்திருந்தது. நிழல் போன களிமண் வெயிலில் நீரிழந்து சுருங்கியது. நிலம் தாம்பாளம்போல் நடுவில் தாழ்ந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பை விட்டுச் சென்றது. அந்த உப்பில் அலையாத்தி விதைகூட முளைக்காது. உமரிச் செடி மட்டும் தாங்கும். கொள்ளிடத்தில் நன்னீர் வரத்துக் குறைந்ததும் சேர்ந்துகொண்டது.

நோய் தேங்கிய நீர் என்றால் மருந்து வாய்க்கால். தாழ்ந்த நிலத்தின் குறுக்கே ஒரு பெரிய வாய்க்காலை வெட்டி, இருபுறமும் மீன்முள்போல் கிளை வாய்க்கால்களைச் சாய்வாகப் பிரித்தார்கள். ஓதநீர் தினமும் போய்வர, மண்ணின் உப்புத் தணிந்தது. வாய்க்கால் சரிவில், ஏற்றத்தின்போது நனையும் மட்டம் பார்த்து வெண்கண்டல் கன்றுகளை நட்டனர். கன்று நடுவதையே மீட்பு என்று படமெடுத்துப் போடும் இந்நாளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: நீரோட்டம் முதலில், நடவு பிறகுதான்.

வாய்க்கால் வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் ஊர்க்காரர்கள். 1990களின் பிற்பகுதியில், இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியுதவியோடு கூட்டு மேலாண்மை முறை வந்தது. எந்த இடத்தை மீட்பது, யார் காவல் காப்பது என்பதை ஊர்மன்றங்கள் வனத்துறையோடு பேசி முடிவு செய்தன. திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டையிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. பிச்சாவரத்தில் எம்.ஜி.ஆர். நகர் இருளர் குடும்பங்களின் பங்கு தனித்துச் சொல்லத்தக்கது. கழியில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் போடுகிற இம்மக்களுக்குக் காடுதான் சோறு. அவர்களை ஆக்கிரமிப்பாளர்களாகப் பார்த்த பார்வை மெல்லத்தான் மாறியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் 2005இல் இதைக் காட்டோடு தொடர்புபடுத்தி எழுதினர். நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே முக்கியம் என்று வேறு சிலர் மறுத்தனர். ஆய்வாளர்கள் வாதிட்டாலும், காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் கரையூர்களில் அதன்பின் உறுதிப்பட்டது. 2022இல் பிச்சாவரம் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

ஓதத்தோடு வரும் வண்டல் மீன்முள் வாய்க்கால்களை ஓயாமல் தூர்க்கிறது. தூர் வாராமல் விட்டால் நீர் மறுபடி தேங்கும், உப்பு மறுபடி ஏறும். மண்வெட்டியோடு சேற்றில் இறங்க ஆளும், அதற்குக் கூலியும் திட்டக் காலம் முடிந்த பிறகும் தேவைப்படுகின்றன.