அட்டை உறைக்குள் ஒரு கரியிழை

தோழர்களே, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு மரவீடு இருக்கிறது. லூயிஸ் லாட்டிமர் 1903 முதல் 1928இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. இடிபட இருந்த அதை 1988இல் அப்படியே பெயர்த்து வேறிடத்தில் நிறுத்திக் காத்தார்கள். இன்று அது அருங்காட்சியகம். பிள்ளைகள் படம் பார்ப்பதோடு திரும்புவதில்லை; தங்கள் கையால் செய்துபார்த்தும் கற்கிறார்கள்.

லாட்டிமரைக் கற்க அதுவே சரியான வழி என்கிறோம். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பெற்றோரின் மகன் அவர். காப்புரிமை வழக்கறிஞர் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, வரைவாளர்களின் கைகளைக் கவனித்தே தொழில்நுட்ப வரைபடம் கற்றவர்.

மின்விளக்கைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அந்த மிகை எதற்கு? அவர் செய்ததே போதும். விளக்கினுள் ஒளிரும் கரியிழை, சுட்டெடுக்கும்போது நெளியும், உடையும். லாட்டிமர் இழையை அட்டை உறைக்குள் வைத்துச் சுட்டார். உறையும் இழையும் சூட்டில் ஒன்றுபோல் சுருங்கியதால் சேதம் குறைந்தது. 1882இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

உழைக்கும் கைக்கு அறிவில்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லக் கேட்டவர்கள் நாம். நம் மாணவர்களிடம் லாட்டிமரின் படத்தை நீட்டுவதற்கு முன், ஓர் அட்டையைக் கொடுத்து உறையாக மடிக்கச் சொல்வோம்.